இங்கிலாந்து ரயில்வே ஸ்டேஷன் அஞ்சலட்டைகள்: எந்தக் காலம்?

கேள்வி (தர்மபுரி):
கிருஷ்ணகிரி பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு அஞ்சலட்டை கிடைத்தது, எல்லாமே இங்கிலாந்து கிராமத்து ஸ்டேஷன்கள், ஒன்றில் பிளாட்பாரம் முழுக்கப் பால் கேன்கள், பக்கத்தில் ஒரு போர்ட்டர் கேமராவையே முறைக்கிறார். முத்திரை மங்கிவிட்டது. வருஷம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
பின்பக்கம் பாருங்க அண்ணா. நடுவில் கோடு போட்டு ஒரு பாதி செய்தி, மறுபாதி விலாசம் என்றால் 1902க்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் அங்கே அந்தப் பக்கத்தில் விலாசம் மட்டும்தான். ஸ்டாம்ப் அரை பென்னியா? 1918 ஜூனில் அட்டைக் கட்டணம் ஒரு பென்னி ஆனது, அதனால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஸ்டாம்பில் மன்னர் ஏழாம் எட்வர்ட் தலை இருந்தால் இன்னும் பழசு, அவர் 1910லேயே போய்விட்டார்.

பதில் 2:
லென்ஸ் வைத்துப் பாருங்க. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழவென்று இருந்து, இருண்ட இடங்களில் வெள்ளி மினுமினுப்பும் தெரிந்தால் அசல் போட்டோ. தயவுசெய்து செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீங்க!

கேள்வி கேட்டவர்:
கோடு இருக்கு, அரை பென்னி, எட்வர்ட். நன்றிங்க. இந்த ஸ்டேஷன்கள் இப்போது இருக்குமா?

பதில் 3:
சந்தேகம்தான். 1963ல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங் தந்த அறிக்கை 2,000க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது, சில இன்று வீடுகள். நம்ம மொரப்பூர் - தர்மபுரி சின்ன லைனையும் 1941ல் மூடினார்களே, அதன் படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்க.