ரீஜன்சி காதல் நாவல்கள்: பட்டம், லைசென்ஸ், 'வருஷம் பத்தாயிரம்' – யாராவது விளக்குங்களேன்

தாழம்பூ:

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல நடக்கிற காதல் நாவல்களை வரிசையா படிச்சிட்டு வர்றேன். கதை புரியுது, ஆனா கதையைத் தள்ளுற காரணம் பல இடத்துல பிடிபடல. ஒரே ஆளை இந்தப் பக்கத்துல ஒரு பேர்ல, அடுத்த பக்கத்துல வேற பேர்ல கூப்பிடறாங்க. ஓடிப்போற ஜோடி எல்லாம் ஏன் ஸ்காட்லாந்துக்கே ஓடுது? 'ஸ்பெஷல் லைசென்ஸ்'னு சொன்னதும் ஏன் எல்லாரும் வாயடைச்சுப் போறாங்க? 'வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்ட்'ங்கிறது சம்பளமா, சொத்தா? அகராதி பார்த்தாச்சு, அர்த்தம் இருக்கு, விஷயம் இல்ல. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

சித்ரகுப்தன்:

முதலில் வருஷத்தைப் பாருங்கள். கண்டிப்பான கணக்கில் ரீஜன்சி என்பது 1811 பிப்ரவரியிலிருந்து 1820 ஜனவரி வரைதான். மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றிப்போய், மகன் அவர் பெயரில் ஆண்ட ஒன்பது வருஷம். நாவலாசிரியர்கள் இதை முன்னும் பின்னும் இழுத்து, 1795-லிருந்து விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837 வரை எல்லாவற்றையும் ரீஜன்சி என்பார்கள். இது ஏன் முக்கியம் என்றால், கதை 1815-ல் நடக்கிறதா 1865-ல் நடக்கிறதா என்பதைப் பொறுத்து கல்யாணச் சட்டம், தபால், பயணம் எல்லாமே மாறிவிடும்.

இனி பெயர்க் குழப்பம். பட்டக்காரர் ஒருவருக்கு மூன்று பெயர்: வீட்டில் வைத்த பெயர், குடும்பப் பெயர், பட்டத்தின் பெயர். குடும்பப் பெயரும் பட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டெவன்ஷர் டியூக்கின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். அவருடைய மூத்த மகன், அப்பா உயிரோடு இருக்கும்போதே, 'ஹார்ட்டிங்டன் மார்க்விஸ்' என்று அழைக்கப்படுவார். அது மரியாதைக்குத் தரும் பட்டம்தான். பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. அதனால்தான் ஒரு ஹார்ட்டிங்டன் பல வருஷம் மக்கள் சபையில் உறுப்பினராக உட்கார முடிந்தது. அப்பா இறந்த நிமிஷம் அவர் டெவன்ஷர். நாவலில் ஒரே அத்தியாயத்தில் ஆளின் பெயர் மாறினால், பெரும்பாலும் நடுவில் ஒரு சாவு நடந்திருக்கும்.

பட்டங்கள் மேலிருந்து கீழே: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் (baron). டியூக்கை மட்டும்தான் 'யுவர் கிரேஸ்' என்பார்கள், மற்ற நால்வரும் பேச்சில் 'லார்ட்' இன்னார். அதற்குக் கீழே பாரனெட், நைட். இவர்கள் பிரபுக்களே அல்லர். 'சர்' போட்டுச் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் வருபவர் 'சர் வில்லியம்'. 'சர் லூகாஸ்' என்று எந்தப் புத்தகமாவது எழுதினால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

'லேடி' தான் பெரிய பொறி. அதே நாவலில் லேடி லூகாஸ், லேடி கேத்தரின் என்று இரண்டு பேர். லூகாஸ் என்பது குடும்பப் பெயர், அதாவது கணவருக்கு நைட் பட்டம் கிடைத்ததால் வந்த 'லேடி'. கேத்தரின் என்பது சொந்தப் பெயர். டியூக், மார்க்விஸ், ஏர்ல் இவர்களின் மகள்களுக்கு மட்டும் பிறப்பிலேயே வருவது அது. அவள் வெறும் 'சர்' ஒருவரைக் கட்டிக்கொண்டாலும் அந்த மரியாதை போகாது. கேத்தரின் அம்மாளின் அதிகாரத் தோரணை முழுக்க இந்த ஒரு பெயருக்குள் இருக்கிறது. வாசகருக்கு ஆஸ்டின் தனியாக விளக்கவே இல்லை, அந்தக் காலத்து ஆளுக்குத் தேவைப்படவில்லை.

டியூக்கின் இளைய மகன் 'லார்ட் ஃப்ரெடரிக்' என்றால் அவர் மனைவி 'லேடி ஃப்ரெடரிக்', ஆமாம், புருஷனின் சொந்தப் பெயரோடு. ஏர்லின் இளைய மகனுக்கு அதுகூட இல்லை, பேச்சில் வெறும் மிஸ்டர்தான், பட்டாளத்தில் இருந்தால் கர்னல். அக்கா தங்கைகளில் மூத்தவள் 'மிஸ் பென்னட்', அடுத்தவள் 'மிஸ் எலிசபெத் பென்னட்'. அக்கா ஊரில் இல்லாத நாளில் தங்கையே 'மிஸ் பென்னட்' ஆகிவிடுவாள்.

கடைசியாக ஒன்று: சொத்தை உயில் எழுதலாம், பட்டத்தை எழுத முடியாது. தத்துப் பிள்ளைக்கும், கல்யாணத்துக்கு முன் பிறந்தவனுக்கும் பட்டம் இல்லை. பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டாலும் இங்கிலாந்தில் பட்டம் வராது. 'வேண்டாம்' என்று துறக்கவும் 1963 வரை சட்டத்தில் வழியில்லை.

மணியோசை:

கல்யாண விஷயத்துக்கு நான் வர்றேன்.

எல்லாத்துக்கும் அடி 1753-ல ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம். அதுக்கப்புறம் இங்கிலாந்துல மூணே வழி. ஒண்ணு, கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை அறிவிக்கிறது, 'பான்ஸ்'. மலிவு, ஆனா ஊருக்கே தெரியும். யார் வேணும்னாலும் எழுந்து நின்னு ஆட்சேபிக்கலாம். ரெண்டாவது, பிஷப் ஆபீஸ்ல வாங்குற சாதாரண லைசென்ஸ். அறிவிப்பு தேவையில்ல, ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தர் குடியிருக்கிற பேட்டையோட கோயில்லதான் கல்யாணம், 21 வயசு ஆகலேன்னா அப்பா சம்மதம் வேணும். மூணாவதுதான் ஸ்பெஷல் லைசென்ஸ். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் மட்டுமே தர முடியும், லண்டன்ல டாக்டர்ஸ் காமன்ஸ்ங்கிற இடத்துல போய் வாங்கணும், பெரும்பாலும் பிரபுக்களும் அவங்க பிள்ளைகளும் எம்.பி.க்களும்தான் வாங்குவாங்க. இதுல இடம், நேரம் எந்தக் கட்டுப்பாடும் இல்ல.

இந்த 'நேரம்' ரொம்ப முக்கியம். மத்த ரெண்டு வழியிலயும் காலை 8 மணியிலிருந்து மதியம் 12-க்குள்ள முடிக்கணும். 1886-ல தான் சாயங்காலம் 3 மணி வரைக்கும் நீட்டினாங்க. அதனால வரவேற்பறையில ராத்திரி கல்யாணம்னா அது ஸ்பெஷல் லைசென்ஸ் கல்யாணம், பையன்கிட்ட செல்வாக்கு இருக்குன்னு ஊருக்குச் சொல்றது. வாயடைக்கிறது அதுக்குத்தான். புது நாவல்கள்ல வர்ற பெரிய பிழை: ஹீரோ பேர் எழுதாத ஸ்பெஷல் லைசென்ஸை எப்பவும் பாக்கெட்டுல வெச்சிருப்பான். அப்படி ஒண்ணு கிடையாது, ரெண்டு பேர் பேரும் எழுதித்தான் தருவாங்க.

ஸ்காட்லாந்துக்கு ஹார்ட்விக் சட்டம் செல்லாது. அங்க ரெண்டு சாட்சி முன்னாடி 'நாங்க புருஷன் பெண்டாட்டி'னு சொல்லிட்டா போதும், அப்பா சம்மதம் கேக்கவே மாட்டாங்க. எல்லையைத் தாண்டினதும் வர்ற முதல் ஊர்கள்ல ஒண்ணு கிரெட்னா கிரீன். லண்டன்லேர்ந்து சுமார் 320 மைல். வாடகைக் குதிரை வண்டி நல்ல ரோட்டுல மணிக்கு 8-லேர்ந்து 10 மைல் போகும், 10, 15 மைலுக்கு ஒருதரம் குதிரை மாத்தணும். நிக்காம போனாலே ரெண்டு நாள், ராத்திரி தங்கினா மூணு நாலு நாள். ராத்திரி தங்குறது தனிச் சிக்கல், அதோட பொண்ணோட பேர் போச்சு, அப்பாவே 'கட்டி வெச்சிடுங்கப்பா'ன்னு வந்து நிப்பார். துரத்துறவர் எப்படிப் பிடிக்கிறார்னு கேட்டா, காசுதான். ரெண்டு குதிரைக்குப் பதிலா நாலு குதிரைக்குக் கூலி குடுத்தா வேகம் கூடும்.

1857 ஜனவரியிலேர்ந்து ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஸ்காட்லாந்துல 21 நாள் தங்கியிருக்கணும்னு சட்டம் மாறிடுச்சு. 1870-ல நடக்கிற கதையில ஓடின அன்னிக்கே கிரெட்னால கல்யாணம்னா தப்பு.

'ஒண்ணா வாழல, அதனால கல்யாணம் ரத்து'ன்னு வர்ற கதைகளையும் நம்பாதீங்க. இங்கிலாந்து திருச்சபைக் கோர்ட்டுல ஆண்மையின்மைதான் காரணமா எடுபடும், வெறுமனே சேர்ந்து வாழலங்கிறது எடுபடாது. விவாகரத்துன்னா 1857 வரைக்கும் பார்லிமென்ட்ல தனிச் சட்டமே போட்டாகணும். அப்படி வாங்கின பொம்பளைங்க மொத்தமே நாலு பேர்.

கணக்குப்பிள்ளை:

பத்தாயிரம் என்பது சம்பளமும் இல்லை, மொத்தச் சொத்தும் இல்லை. வருஷ வரும்படி. நிலத்திலிருந்து வரும் குத்தகை, அல்லது அரசுக் கடன்பத்திரத்தின் வட்டி. வட்டி 4, 5 சதவீதம் என்று வைத்துப் பெருக்கினால் முதல் வந்துவிடும். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் ஆஸ்டினே கணக்குப் போட்டுத் தருகிறார்: பிங்லிக்கு அப்பா விட்டுப்போனது கிட்டத்தட்ட ஒரு லட்சம், வரும்படி நாலாயிரம் ஐயாயிரம். டார்சிக்குப் பத்தாயிரம், அப்படியானால் முதல் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. எலிசபெத்துக்கு வரவேண்டியது 4 சதவீதப் பத்திரத்தில் ஆயிரம் பவுண்ட், அதாவது வருஷம் 40. காலின்ஸ் பெண் கேட்கும்போதே இதை அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான்! சின்ன ஊர்களில் பாதிரிக்கு உதவியாக இருந்த கியூரேட் பலரின் வருஷ வருமானம் 50 பவுண்டைச் சுற்றித்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயரம் தெரியும்.

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். 21 ஷில்லிங் ஒரு கினி. 1817-ல் சாவரின் காசு வந்தபின் கினி நாணயம் மறைந்தது, ஆனால் பந்தயம், குதிரை விலை, வக்கீல் கூலி எல்லாம் கினிக் கணக்கிலேயே தொடர்ந்தன. நம் நகைக்கடையில் 'சவரன்', 'பவுன்' என்று சொல்கிறோமே, அந்தச் சொற்கள் வந்தது இந்தக் காசிலிருந்தும் பவுண்டிலிருந்தும்தான், எட்டு கிராம் எடையும் அந்தக் காசின் எடைதான். ஆனால் இன்றைய பவுன் விலையால் அந்தக் காலத்துப் பவுண்டைப் பெருக்காதீர்கள். சோறு, துணி, வேலையாள் கூலி எல்லாம் வேறு வேறு விகிதத்தில் ஏறியவை. கியூரேட்டை வைத்து அளப்பதே மேல்.

இதைவிட முக்கியம் கல்யாணத்தின்போது எழுதும் பத்திரம். நாவலில் 'செட்டில்மென்ட் பேச வக்கீல் வந்தார்' என்று ஒரு வரியில் போய்விடும், கதையே அங்கேதான் இருக்கிறது. கல்யாணமானதும் பெண்ணின் கையிலுள்ள ரொக்கம், நகை எல்லாம் சட்டப்படி கணவனுடையது, 1870, 1882 சட்டங்கள் வரும் வரை. எனவே பெண்வீட்டார் முன்கூட்டியே மூன்று தொகையை எழுதி வாங்குவார்கள். வருஷாவருஷம் அவள் கைச்செலவுக்கு, 'பின் மணி'. கணவன் செத்தால் அவள் ஆயுள் வரை வருவது 'ஜாயின்ச்சர்', அவள் கொண்டுவந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வருஷத்துக்கு என்பது பழைய வழக்கம். பிறக்கப்போகும் இளைய பிள்ளைகளுக்கு 'போர்ஷன்'. ஓடிப்போய்க் கல்யாணம் என்றால் இந்தப் பத்திரம் இல்லை. சொத்துக்காக மயக்குகிறவன் ஏன் கிரெட்னாவுக்கு அவசரப்படுத்துகிறான் என்று இப்போது விளங்குமே.

'உன்னை வாரிசிலிருந்து நீக்கிவிடுவேன்' என்று ஏர்ல் மூத்த மகனை மிரட்டும் காட்சி பாதி நாவல்களில் வெற்று மிரட்டல். நிலம் குடும்பப் பத்திரத்தில் கட்டுண்டிருந்தால் அப்பாவுக்கு ஆயுள் அனுபவம் மட்டும்தான். அவரால் நிறுத்த முடிந்தது மகனின் மாதப் படியையும், கட்டில்லாத சொத்தையும்தான். மகனுக்கு 21 ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அடுத்த தலைமுறைக்கு மறுபடி கட்டுவது வழக்கம். அந்தக் கையெழுத்துதான் மகனிடமுள்ள ஆயுதம். எழுதத் தெரிந்தவர்கள் அங்கேதான் கதையை வைப்பார்கள்.

பூவரசு:

ஒரு சின்ன விஷயம், நம்மாளுக்கு உறுத்துறது. அங்க 'கசின்'னா எல்லாமே ஒண்ணு. அத்தை பையனைக் கட்டிக்கிற மாதிரியே சித்தப்பா பையனையும் கட்டிக்கலாம், எட்டாம் ஹென்றி காலத்துலேர்ந்து சட்டம் தடுக்கல. நாவலைத் தமிழ்ல மொழிபெயர்க்கிறவங்க 'கசின்'ங்கிறதை அண்ணன்னு போட்டுட்டா அத்தோட போச்சு. தலைகீழா, நம்ம ஊர்ல சாதாரணமா நடக்கிற தாய்மாமன் கல்யாணம் அங்க பெரும் பாவம். அக்கா செத்தா தங்கச்சியைக் கட்டுறதும் அப்படித்தான்: 1835 வரைக்கும் யாராவது வழக்குப் போட்டாதான் ரத்தாகும், அதுக்கப்புறம் கட்டினா கல்யாணமே செல்லாது, 1907-ல தான் அனுமதிச்சாங்க. மனைவியை இழந்தவர் வீட்டுல மச்சினிச்சி குழந்தைகளைப் பார்த்துக்கிற காட்சி விக்டோரியா காலக் கதையில வந்தா, அங்க ஒரு பதற்றம் இருக்கு.

தாழம்பூ:

எல்லாருக்கும் நன்றி, அந்த வாரிசு மிரட்டல் சமாச்சாரம் கண்ணைத் திறந்துடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இப்ப படிக்கிறது 1814-ல நடக்குது. ஹீரோ மதராஸ்ல கம்பெனிப் பட்டாளத்துல இருக்கான், அவளுக்குக் கடிதம் போடறான், அவ ரெண்டு மாசத்துல பதில் போட்டுடறா. உறையைப் பிரிக்கிறா, தபால்தலையைத் தடவறா. இது சரியா?

கடலோரன்:

மூணும் தப்பு, தாழம்பூ.

தபால்தலை 1840-ல தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கடிதம் வாங்குறவங்கதான் காசு கட்டணும். தூரத்தையும் தாளையும் வெச்சுக் கணக்கு. 250 மைல் வந்த ஒத்தைத் தாளுக்கு ஒரு ஷில்லிங், ரெண்டு தாள்னா ரெண்டு ஷில்லிங். உறையும் ஒரு தாள்தானே? அதனால உறையே கிடையாது. பெரிய தாள் ஒண்ணுல மூணு பக்கம் எழுதி, நாலாவது பக்கத்தை வெளியில வர்ற மாதிரி மடிச்சு, நடுவுல விலாசம் போட்டு, அரக்கு வெச்சு ஒட்டிடுவாங்க. சொல்ல இன்னும் இருந்தா தாளைத் திருப்பி, எழுதின வரிக்கு மேலேயே குறுக்கா எழுதுவாங்க, கோரைப்பாய் பின்னல் மாதிரி. நாவல்ல 'குறுக்கெழுத்து போட்ட கடிதம்'னு வந்தா இதான். எம்.பி.யோட கையெழுத்து மேல இருந்தா இலவசம், அதான் எல்லாரும் எம்.பி. சித்தப்பாவைத் தேடி அலையறாங்க. அப்புறம், நிச்சயமாகாத பொண்ணும் பையனும் கடிதம் எழுதிக்கக் கூடாது. எழுதினா நிச்சயம் ஆன மாதிரிதான். உங்க ஹீரோவோட ஒரு கடிதம் போதும் வீட்டுல பூகம்பம் வர்றதுக்கு.

மதராஸ் பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்தி வரணும், சூயஸ் கால்வாய் 1869-ல தான் திறந்தாங்க. நாலுலேர்ந்து ஆறு மாசம். பதில் வர வருஷம் ஆகும். அதுக்குள்ள அவளுக்கு வேற இடத்துல கல்யாணம் ஆகியிருக்கலாம், இவன் காய்ச்சல்ல போயிருக்கலாம். அந்த ஒரு வருஷ இடைவெளியை வெச்சு எவ்வளவோ பண்ணியிருக்கலாம், ஆசிரியர் கோட்டை விட்டுட்டார்.

இன்னொண்ணு பாருங்க, அவன் கப்பல்லேர்ந்து நேரா மதராஸ் துறைமுகத்துல பூட்ஸ் நனையாம இறங்கறானா? அப்ப அங்க துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டுரும். ஆணி அடிக்காம கயித்தால தைச்ச மசூலா படகுல அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும், முழுக்க நனைஞ்சுதான் வந்து சேருவான்.

தாழம்பூ:

பளபளக்கும் பூட்ஸோடதான் இறங்கறான். 12-ஆம் பக்கம்.