மணவாளக்குறிச்சி பக்கம் விழிப்புணர்வுக் கூட்டம்: சர்வே மீட்டரை எப்படிக் காட்டுவது?

கேள்வி (ஆர்எஸ்ஓ_தெற்கு):
புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வேலை. மணலிலேயே இயற்கைக் கதிர்வீச்சு உள்ள கடலோர ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்களோடு அதைப் பற்றிப் பேச வேண்டும். கையில் இருப்பது ஜிஎம் ட்யூப் சர்வே மீட்டர், கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கருவி. மணலில் வைத்துக் காட்டினால் பயம்தான் கூடும் என்கிறார்கள். எப்படி அளப்பது, என்ன சொல்வது?

பதில் (கவுண்ட்_ரேட்):
முதலில், சட்டையில் மாட்டும் டிஎல்டி பேட்ஜைக் கழற்றி, கன்ட்ரோல் பேட்ஜ் (ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைத்திருப்பது) இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். டிஎல்டி உங்கள் வேலை டோஸை, அதாவது வேலையில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சை, அளக்கத்தான். கடற்கரைக் கணக்கு அதில் சேரக் கூடாது.

ட்யூபின் மைகா ஜன்னல் (கதிர் உள்ளே நுழையும் முகப்பு) மிக மெல்லியது, ஒரு மணல் துகள் குத்தினாலே போச்சு. மூடியைக் கழற்றாதீர்கள். மீட்டரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து அளங்கள். மணலை ஒட்டி வைத்தால் வரும் எண் வேறு, ஆள் நிற்கும்போது உடம்புக்குக் கிடைப்பது வேறு. கூட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்புவதால்தான்.

எண் தாவுவதைப் பார்த்து ஜனங்கள் பதறுவார்கள். நிமிடத்துக்கு 60 கவுண்ட் (மீட்டர் பதியும் துடிப்பு) வரும் இடத்தில் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 8 கவுண்ட் வரை, கூடக் குறைய வருவது சாதாரணம். 13 சதவீதம் ஆடும். 10 நிமிடம் எண்ணினால் 600 கவுண்ட், ஆட்டம் 4 சதவீதத்துக்கு இறங்கும். அதனால் ஸ்கேலரில் (குறித்த நேரத்துக்கு மொத்தமாக எண்ணும் முறையில்) போட்டு எண்ணுங்கள். ஊருக்குள் சிமென்ட் தரையில் ஒரு தடவை, மணலில் ஒரு தடவை.

பதில் (கடலோரம்):
கருமணல்தான் கதிர் வீசுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். கறுப்பு நிறம் இல்மனைட் என்ற கனிமத்தால் வருவது. கதிர் வீசும் தோரியம் இருப்பது மோனசைட் என்ற இன்னொரு கனிமத்தில். அது தேன் நிறம், மஞ்சள் கலந்த பழுப்பு. அலை ஒதுக்கும் இடம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் போன வருஷ எண்ணைக் காட்டி வாதிடாதீர்கள். சாம்பிள் என்று கவரில் அள்ளி வரவும் வேண்டாம். மோனசைட் அணுசக்திச் சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள பொருள்.

கணக்கைப் பலகையில் போடுங்கள். மணிக்கு 1 மைக்ரோசீவெர்ட் (டோஸின் அலகு, 1,000 சேர்ந்தால் 1 மில்லிசீவெர்ட்) உள்ள இடத்தில் வருஷம் முழுக்க, 8,760 மணி நேரம், நின்றால் 8.76 மில்லிசீவெர்ட். தினம் 2 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 0.73 மில்லிசீவெர்ட். யாராவது "பொதுமக்களுக்கு வரம்பு வருஷத்துக்கு 1 மில்லிசீவெர்ட்தானே?" என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த வரம்பு கதிர்வீச்சைப் பயன்படுத்தும் தொழில்களால் பொதுமக்களுக்கு வரும் கூடுதல் டோஸுக்கு. இயற்கைப் பின்னணியும் மருத்துவப் பரிசோதனையும் அதில் சேராது. உலக சராசரி இயற்கை டோஸே வருஷத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட்.

புற்றுநோய் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாக 10 ஆண்டுக்கு மேல் கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், தரைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து "உங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை" என்று சத்தியம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

பதில் (பழைய_பேட்ஜ்):
மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் செக் சோர்ஸைப் (சிறிய கதிரியக்கப் பொருள்) பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷ் போதும். 1 கிலோ பொட்டாசியம் குளோரைடில் சுமார் 16,000 பெக்கரல் (நொடிக்கு அத்தனை அணுச் சிதைவு) அளவுக்குப் பொட்டாசியம்-40 என்ற இயற்கைக் கதிரியக்க வகை இருக்கும். ஆனால் அதிலிருந்து வருவது பெரும்பாலும் எளிதில் தடுக்கப்படும் பீட்டா கதிர். மூடி போட்ட மீட்டரில் அசைவே தெரியாது. இதற்கு மட்டும் அறைக்குள், பொட்டலத்தை மேசையில் வைத்து, மூடியைக் கழற்றிக் காட்டுங்கள். வாழைப்பழத்திலும் இதே பொட்டாசியம்தான் என்றால் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

ஆர்எஸ்ஓ_தெற்கு:
நன்றி. தோரியம் கலந்த பெட்ரோமாக்ஸ் மேன்டில் (விளக்கில் ஒளிரும் வலை) காட்டலாமா?

பழைய_பேட்ஜ்:
காட்டலாம், புதியதாக, கவரைப் பிரிக்காமல். எரித்த மேன்டில் பொடிந்து தூசியாகும், அது மூச்சில் போகக் கூடாது. இப்போது பல மேன்டில்களில் தோரியத்துக்குப் பதில் கதிர் வீசாத இட்ரியம்தான். வீட்டிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.