எலிக்கு மருந்து, ஆனால் எலி மருந்து அல்ல: ஒரு சொல் தேடும் மடல்

வணக்கம். ஆய்வக எலிகளைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு, மருந்து கலந்த தீவனத்தைத் தமிழில் என்னவென்று எழுதலாம் என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்வி ஒவ்வொன்றின் கீழும் என் பதில்.

> ஆய்வக எலிகளுக்குப் பாக்டீரியாத் தொற்று வந்தால் தீவனத்திலேயே ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதை ‘மருந்துத் தீவனம்’ என்று எழுதிவிடலாமா?

மாட்டுக்கும் கோழிக்கும் என்றால் தாராளமாக எழுதலாம். பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம் என்ற வரிசையில் அதுவும் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். எலியிடம் வரும்போதுதான் சிக்கல். நம் ஊரில் எலி மருந்து என்பது எலியைப் பிழைக்கவைப்பது அல்லவே! உங்கள் கட்டுரையின் வரியை, “எலிகளுக்கு இரண்டு வாரம் மருந்துத் தீவனம் வைக்கப்பட்டது” என்று வீட்டில் படித்துக் காட்டினேன். “எத்தனை செத்துச்சு?” என்றுதான் கேட்டார்கள். அதில் ‘வைக்கப்பட்டது’ வேறு. எலிக்கு ‘வைப்பது’ என்றாலே பொறியும் விஷமும்தான்.

> அப்படியானால் ‘மருந்திட்ட தீவனம்’?

இது இன்னும் வம்பு. இடுமருந்து என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். சோற்றில் மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்று சொல்வதும், அதை எடுக்க ஆள் தேடிப் போவதும் கிராமத்தில் இன்னும் இருக்கிறது. அந்த வாடை அடிக்காமல் இந்தச் சொல்லை என்னால் படிக்க முடியவில்லை.

சரி, சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பொருளைப் பார்ப்போம். சில வருடம் ஆய்வக விலங்குகளை வளர்க்கும் விலங்குக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரெடெரிக் என்ற ஊரில் இருந்த புற்றுநோய் ஆய்வகத்தில், நீண்ட காலச் சோதனை ஒன்றில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த சுண்டெலிகளுக்கு ஈரல் அழற்சியும் கட்டியும் வந்தன. சோதனைப் பொருள் எதையும் அவற்றுக்குக் கொடுத்திருக்கவில்லை. தேடிப் பார்த்ததில் ஈரலுக்குள் ஒரு சுருள் பாக்டீரியா கிடைத்தது. பிறகு அதற்கு ஹெலிகோபாக்டர் ஹெபாடிகஸ் என்று பெயர் வைத்தார்கள். அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. ஒவ்வோர் எலியாகப் பிடித்து, வாய் வழியே குழல் விட்டு, வயிற்றில் மருந்தை இறக்கினால் அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் கூடத்தில் எலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் யார் பிடிப்பது? பிடிபட்டுப் பிடிபட்டு எலியும் மிரண்டு போகும். அதனால்தான் மருந்தைத் தீவனத்துக்குள்ளேயே சேர்த்தார்கள்.

வசதிதான். ஆனால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதை இப்போது எலிதான் தீர்மானிக்கிறது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஒரு கிலோ தீவனத்தில் 1 கிராம் மருந்து இருக்கிறது, 25 கிராம் எடையுள்ள சுண்டெலி ஒரு நாளைக்கு 4 கிராம் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது 4 மில்லிகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 160 மில்லிகிராம். நோய் முற்றிச் சுருண்டு கிடக்கும் எலி 1 கிராம்தான் கொறிக்கும். அதற்குப் போவது வெறும் 40. மருந்து அதிகம் வேண்டிய எலிக்குத்தான் குறைவாகப் போகிறது. மெட்ரோனிடசோல் கசப்பு வேறு, நல்லாயிருக்கும் எலியே மூஞ்சியைத் திருப்பும். காலையில் கூண்டு மூடியின் கம்பித் தொட்டியில் மிச்சமிருக்கும் குச்சித் தீவனத்தை எடைபோட்டுக் கணக்குப் பார்ப்போம். இரவெல்லாம் அரித்துக் கீழே உதிர்த்த தூள் அந்தக் கணக்கில் வராது. எத்தனையோ நாள் அந்தத் தூளைக் கூண்டில் விரித்த படுக்கையிலிருந்து சலித்தெடுக்கப் பார்த்து, புழுக்கையோடு கலந்துவிட்டதைக் கண்டு கைவிட்டிருக்கிறேன்.

> ‘செறிவூட்டிய அரிசி’ மாதிரி ‘மருந்தூட்டிய தீவனம்’ சரியாக வருமே?

வரும். இந்த இழையில் வந்த எல்லாவற்றிலும் அழகான சொல் அதுதான், நானும் இரண்டு நாள் அதன் பக்கம்தான் இருந்தேன். கசப்பு தெரியாமல் இருக்கச் சுவையூட்டிய தீவனம், மற்றதோடு மாறிவிடாமல் இருக்க வண்ணமூட்டிய தீவனம் என்று அதே குடும்பத்தில் சேரவும் செய்யும். (வண்ணம் அலங்காரத்துக்கு இல்லை. நான் இருந்த இடத்தில் சாயமில்லாத இரண்டு மூட்டைகள் மாறிப்போய், ஒரு அறை முழுக்க மூன்று நாள் வெறும் தீவனம் தின்றது.)

ஆனால் ‘மருந்தூட்டிய எலிகள்’ என்று அடுத்த வரியில் வந்தால் என்ன செய்வீர்கள்? குழல் விட்டுக் கொடுத்ததையும் ஆட்கள் மருந்தூட்டல் என்றுதான் எழுதுகிறார்கள். குழல் வழியா, தீவனம் வழியா என்பதே இந்தத் துறையில் பெரிய கேள்வி. இரண்டுக்கும் ஒரே வினையை வைத்தால் படிப்பவர் குழம்புவார். குழல் விடுவதற்கு என் பரிந்துரை ‘புகட்டல்’. மூங்கில் குழாயில் மாட்டுக்கு மருந்து புகட்டிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம்.

ஆகவே தீவனத்துக்கு என் முன்மொழிவு: மருந்துசேர் தீவனம். வினைத்தொகை, ஒற்று மிகாது. சேர்த்த, சேர்க்கிற, சேர்க்கும் மூன்றும் அதில் அடங்கும். ‘மருந்துசேர் எலி’ என்று யாரும் தவறியும் எழுதமாட்டார்கள். ‘ஆய்வக எலிகளுக்கான மருந்துசேர் தீவனம்’ என்று எழுதினால் விஷம் நினைவுக்கு வராது. வீட்டில் மறுபடி படித்துக் காட்டினேன். இந்த முறை “என்ன நோய் அதுக்கு?” என்று கேட்டார்கள்.

மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதற்கும் இதுவே கைகொடுக்கும்: மருந்துசேர் நீர். தயவுசெய்து ‘மருந்துக் குடிநீர்’ வேண்டாம். நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் பழகிய வாசகர், எலிக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார்.

> பேச்சில் ‘எனக்கு அந்த மருந்து சேராது’ என்கிறோமே, அந்தப் பொருள் குறுக்கே வராதா?

வரட்டும். இங்கே அது பொருந்தவே செய்கிறது. சுண்டெலி தாங்கும் அமாக்ஸிசிலின், அதைப் போலவே கொறித்துத் தின்னும் கொறிணிகளான கினிப் பன்றிக்கும் ஹாம்ஸ்டருக்கும் சேராது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, கெட்ட குளோஸ்டிரிடியம் பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். உங்கள் கட்டுரைத் தலைப்பில் ‘கொறிணிகளுக்கான’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் ‘சுண்டெலிகளுக்கும் எலிகளுக்குமான’ என்று மாற்றிவிடுங்கள். அந்தத் தலைப்பை நம்பி யாராவது கினிப் பன்றிக் கூண்டில் அதே மூட்டையைப் பிரித்துவிடப் போகிறார்கள்.

அன்புடன்,
பழைய விலங்குக் கூடத்து ஆள்