கிளாண்டில் தினமும் ஸ்டீம் கசிகிறது: இறுக்குவதா, கயிறு மாற்றுவதா?

போர்மாக்காரன் (கருங்கல்):
எங்கள் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) போர்மாவுக்கு (பருப்பை உலர்த்தும் சூட்டு அறை) போகிற ஸ்டீம் லைனில், சூட்டுக்கேற்ப ஸ்டீமைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒன்றரை இன்ச் கண்ட்ரோல் வால்வு ஒன்று உண்டு. லைனில் 7 கிலோ பிரஷர். காலையில் ஸ்டீம் விட்டதும் ஸ்பிண்டில் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) ஓரமாக உஸ்ஸென்று ஆவி வரும். அந்தத் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டின் நட்டைக் கால் சுற்று முறுக்கினால் நின்றுவிடும். மறுநாள் பழைய கதைதான். இப்போது கூடுதலாக ஒரு தொல்லை: 70 டிகிரியில் நிற்க வேண்டிய போர்மா 62-க்கும் 80-க்குமாக ஆடுகிறது. நேற்று ஒரு தட்டுப் பருப்பு முழுக்கச் சிவந்து போனது. கிளாண்டுக்குள் கசிவை அடைக்க இருப்பது டெஃப்லான் வளையங்களாலான பேக்கிங். என்ன செய்யலாம்?

பழைய பிட்டர்:
டெஃப்லானைக் கழற்றித் தூரப் போடு மக்கா. ஸ்டீம் என்றால் கிராஃபைட் கயிறுதான். பாய்லர் வேலையில் எனக்கு முப்பது வருடம். 45 டிகிரி சரிவாக வெட்டி, ஒரு வளையத்தின் வெட்டு அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராமல் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக அமுக்கி ஏற்று. அவ்வளவுதான் விஷயம்.

தக்கலை இன்ஸ்ட்ருமெண்ட்:
அண்ணாச்சி, வெட்டுகிற முறை சரி, மருந்து தப்பு. 7 கிலோ பிரஷரில் சாதாரண ஸ்டீமின் சூடு சுமார் 170 டிகிரி. டெஃப்லான் 230 வரை தாங்கும். சூட்டில் அது தோற்கவில்லை, குளிரில்தான் தோற்கிறது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சூடேறினால் டெஃப்லான் இரும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விரியும், ஆறினால் அதேபோல் சுருங்கும். ராத்திரி பாய்லரை நிறுத்துகிறீர்கள். விடிவதற்குள் பேக்கிங் சுருங்கி, ஸ்பிண்டிலைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழுந்துவிடுகிறது. ஸ்டீம் விட்டதும் கசிகிறது. அரைமணி பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே விரிந்து அடைத்திருக்கும். நீங்களோ ஆறிக் கிடக்கும்போதே முறுக்கிவிடுகிறீர்கள். பத்து மணிக்கு அது விரியும்போது போக இடமில்லாமல் ஸ்பிண்டிலைக் கவ்விப் பிடிக்கிறது. பருப்பு சிவந்ததற்கு அந்தக் கால் சுற்றுதான் காரணம்.

பழைய பிட்டர்:
நட்டு முறுக்கினால் பருப்பு கருகுமா? இது என்ன புதுக்கதை?

தக்கலை இன்ஸ்ட்ருமெண்ட்:
வால்வைத் திறப்பது உங்கள் கை அல்லவே, காற்று. ஒரு பார் காற்று 300 சதுர சென்டிமீட்டர் டயாஃப்ரத்தில் (காற்று அமுக்கும் சவ்வு) சுமார் 300 கிலோ விசை கொடுக்கும். அதில் பெரும்பங்கு எதிரே இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். மிச்சத்தை வைத்துத்தான் ஸ்பிண்டில் நகர வேண்டும். கிளாண்ட் பிடித்தால், கண்ட்ரோலர் ‘கொஞ்சம் மூடு’ என்று சொல்லியும் ஸ்பிண்டில் அசையாது. போர்மா சூடேறிக்கொண்டே போகும். சிக்னலும் மாறிக்கொண்டே போகும். கடைசியில் பிடி விட்டு ஒரே தாவாகத் தாவி, தேவைக்கு மேல் மூடிவிடும். அப்புறம் இதே கூத்து எதிர்த்திசையில். உங்கள் 62-ம் 80-ம் அங்கிருந்து வந்தவை.

கிராஃபைட்டில் உராய்வு டெஃப்லானைவிடப் பல மடங்கு. அதைப் போட்டால் கசிவு நிற்கும், வால்வும் சேர்ந்து நிற்கும்.

பழைய பிட்டர்:
நான் கட்டிய கிராஃபைட் வால்வுகள் குலசேகரம் பக்கம் இன்றும் ஓடுகின்றன. ஒன்றும் நிற்கவில்லை.

தக்கலை இன்ஸ்ட்ருமெண்ட்:
அவை கைச்சக்கர வால்வுகள் அண்ணாச்சி! காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை திருப்புவீர்கள். இது நாள் முழுக்க மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பது. இன்னொன்று: மழைக்காலத்தில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தால், ஈரமான கிராஃபைட் ஸ்பிண்டிலில் குழிகுழியாக அரிப்பு உண்டாக்கும். நம் ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.

என் யோசனை இதுதான். வி வடிவ டெஃப்லான் வளையங்களையே புதிதாகப் போடுங்கள். கிளாண்ட் நட்டுக்கு அடியில் குழிந்த தட்டு ஸ்பிரிங் வாஷர்களை அடுக்குங்கள். பேக்கிங் சுருங்கினால் அவை பின்தொடர்ந்து அமுக்கும், விரிந்தால் விட்டுக்கொடுக்கும்.

பாலிடெக்னிக் பையன்:
அண்ணா, ஒரு சந்தேகம். வால்வு முழுசாக மூடியிருக்கும்போதும் போர்மா சூடு ஏறுகிறதா? அப்படியென்றால் சீட்டும் (மூடும்போது வால்வின் பிளக் உட்கார்ந்து அடைக்கும் இடம்) கசிகிறதோ?

போர்மாக்காரன்:
ஆமாம் தம்பி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடைத்து வைத்தாலும் மெல்ல ஏறும்.

தக்கலை இன்ஸ்ட்ருமெண்ட்:
அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கண்ட்ரோல் வால்வு அளவாக விடுவதற்குத்தான், அடைப்பதற்கு அல்ல. உலோக சீட்டுள்ள வால்வு கசிவுத் தரத்தில் நான்காம் வகுப்பு என்றால், முழுசாகத் திறந்தால் போகும் அளவில் 0.01 சதவீதம் கசியலாம் என்று தரவிதியே விடுகிறது. சொட்டுக்கூடக் கூடாது என்றால் மென்மையான சீட்டுள்ள ஆறாம் வகுப்பு. அதிலும் இரண்டு இன்ச் துளைக்கு நிமிடத்துக்கு மூன்று குமிழி வரை பாஸ்தான். குளத்து மடையை அடைத்தாலும் கொஞ்சம் ஊறும் அல்லவா?

பழைய பிட்டர்:
இங்கே நீ வழுக்குகிறாய் தம்பி. பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஸ்டீம் போர்மாவைச் சூடாக்குமா? கணக்குப் போட்டுப் பார். அது ஊறல் இல்லை, சீட்டை ஸ்டீம் வெட்டிவிட்டது. வால்வு பாதி மூடியபடி கிடந்தால், ஈர ஸ்டீம் அந்தச் சின்னச் சந்தில் சீறிப்போய்க் கத்தி கீறினதுபோல் கோடு போடும். வால்வுக்கு முன்னால், லைனில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் ஸ்டீம் டிராப் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

போர்மாக்காரன்:
இல்லை. பைப் நேராக வந்து வால்வில் ஏறுகிறது.

தக்கலை இன்ஸ்ட்ருமெண்ட்:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருக்க வேண்டும்.

போர்மாக்காரன் (ஞாயிறு இரவு):
கழற்றிப் பார்த்தோம். பிளக்கின் ஓரத்தில் நகத்தால் தடவினாலே தட்டுகிற மாதிரி இரண்டு கோடுகள். அண்ணாச்சி சொன்னது அப்படியே இருந்தது. பேக்கிங்கில் மேல் வளையங்கள் நசுங்கித் தகடாகிவிட்டன, அடியில் இருந்தவை புதுசுபோல. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சொல்லாத ஒன்று: ஸ்பிண்டிலில் குறுக்காகப் பல் பல்லாகத் தடம். எப்போதோ வால்வு பிடித்தபோது யாரோ பைப் ரெஞ்சு போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் எல்லாரும் தென்னை மரத்தைப் பார்க்கிறார்கள்.

பழைய பிட்டர்:
அந்தத் தடம்தான் அரம் மாதிரி பேக்கிங்கை அறுத்திருக்கிறது. லேத்தில் பிடித்து எமரி போட்டுப் பளபளப்பாக்கு. சீட்டுக்கு கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய். முதலில் டிராப் வாங்கு.

தக்கலை இன்ஸ்ட்ருமெண்ட்:
எமரி வேண்டாம். தடம் போகும்வரை தேய்த்தால் ஸ்பிண்டில் அந்த இடத்தில் மட்டும் மெலியும், எந்த வளையமும் பிடிக்காது. புது ஸ்பிண்டில் போடுங்கள்.

பழைய பிட்டர்:
அதற்குக் காசு நீ கொடுப்பாயா?

போர்மாக்காரன்:
நாளைக் காலை மார்த்தாண்டம் லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து வந்து சொல்கிறேன். அதுவரை இரண்டு பேரும் ஒரு சாயா குடியுங்கள்.