‘சரி’ என்றால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமா?

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், ஆறு வருடமாகிறது. போன வாரம் ஒரே சொல்லால் இரண்டு இடத்தில் அடிபட்டேன்.

செவ்வாய் மாலை கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டு, "நேவி கலருக்கு பையர் அப்ரூவல் வரல, நிறுத்தி வைங்க மாஸ்டர்" என்றேன். "சரிங்க" என்றார். காலையில் போனால் முன்பக்கம், பின்பக்கம், கை என்று நேவி கட்டுக்கட்டாக வெட்டி அடுக்கியிருக்கிறது. தைக்கக் கொடுப்பதைத்தான் நிறுத்தச் சொன்னேன் என்று நினைத்தாராம். இப்போது எதுவானாலும் சூப்பர்வைசர் வழியாகத்தான் பேசுகிறார்.

வியாழன், அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் செக்கப். "அம்மாவ நாலு மணிக்குக் கூட்டிட்டு வரணும்" என்று கணவரிடம் சொன்னேன். லேப்டாப்பைப் பார்த்தபடியே "சரி" என்றார். ஆறு மணிக்கு அம்மா போன் செய்து நான் ஓடியபோது, ஆஸ்பத்திரி வாசல் திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு, சொட்டு மருந்துச் சீட்டைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "நீ போகப்போறேன்னு சொன்னதா நினைச்சேன்" என்கிறார் கணவர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எப்படிப் பேசினால் இது நிற்கும்?

வானலை:
விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ரேடியோவில் ‘ரோஜர்’ என்றால் கேட்டது என்று மட்டும்தான் பொருள். செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ என்று தனிச் சொல் உண்டு. நம் ‘சரி’யில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம், மூடுபனி. ஒரு விமானி தான் டேக்-ஆஃபில் இருப்பதாகச் சொல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ‘ஓகே’ என்று பதில் வந்தது. அடுத்து ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்று சொன்னது, அதே நொடியில் இன்னொரு விமானம் பேசியதால் இரைச்சலில் போய்விட்டது. இரண்டு போயிங் 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதனால்தான் அனுமதியைத் திருப்பிச் சொல்ல வைப்பதில் இவ்வளவு கண்டிப்பு.

வார்டு_அக்கா:
நர்ஸ் நான். டாக்டர் போனில் மருந்தளவு சொன்னால் எழுதி, வாசித்துக் காட்டுவோம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோல் கேட்கும். ‘ஒன்று, ஐந்து’ என்று பிரித்துச் சொல்லுவோம். அப்புறம், உங்கள் வாக்கியத்தையே பாருங்கள் தோழி. ‘நிறுத்தி வைங்க’: எதை? ‘கூட்டிட்டு வரணும்’: யார்?

மேட்டுப்பாளையத்தான்:
ஆஸ்பத்திரிக்கு அது சரிம்மா. வீட்டில் "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றால் பரீட்சை வைப்பதுபோல் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி 31 வருடம். "எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, வண்டியிலயா ஆட்டோவிலயா?" என்று கேட்பாள் என் வீட்டம்மா. பதில் சொல்லும்போது வேலை என்னுடையது ஆகிவிடும். மாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம்.

நூல்கண்டு:
வார்டு அக்கா கேட்ட ‘யார்’ இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை. நான் அவர் பெயரைச் சொல்லவே இல்லை.

இன்று கட்டிங் ரூமுக்கே போனேன். "செவ்வாய்க்கிழமை நான் அரைகுறையாச் சொல்லிட்டேன் மாஸ்டர்" என்றேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "மெரூன் லே போடலாமா, அதுவும் நிக்கணுமா?" என்று அவரே கேட்டார். (லே போடுவது என்றால் வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிப்பது.) திங்கட்கிழமை அம்மாவுக்கு அடுத்த செக்கப். வண்டியா ஆட்டோவா என்று இன்று ராத்திரி கேட்கப் போகிறேன்.