முழங்காலுக்குப் பின்னால் ஒரு உருண்டை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது காலில் நரம்புக் கட்டி வந்திருக்கிறதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எனக்கு வந்தது.

செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். கிளட்ச் மிதிக்கும் காலில், முழங்காலுக்குப் பின்னால், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு உருண்டை. சும்மா இருந்தால் வலிக்காது. சீட்டு விளிம்பு அதில் பட்டால் உள்ளங்கால் வரை கரண்டு அடிக்கும். இடுப்பில் நரம்பு அழுந்துகிறது என்று சொல்லி ஒரு கிளினிக்கில் 2 வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். லயத்துப் பாட்டி ஒருவர், "நரம்பு சுருட்டிக்கிச்சுய்யா" என்று எண்ணெய் போட்டு அமுக்கினார். நான் போட்ட சத்தம் கோயில் வரை கேட்டிருக்கும்.

அப்புறம்தான் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர், விரலால் கட்டியைத் தட்டினார், உள்ளங்கால் சுண்டியது. பிடித்து ஆட்டினார், இரண்டு பக்கமும் அசைந்தது, மேலும் கீழும் அசையவில்லை. நரம்பில் கோத்த மணி மாதிரி இருந்தால் அப்படித்தான் என்றார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சுவானோமா. நரம்பிழைக்கு உறை போடும் சுவான் செல்லிலிருந்து வளர்வது, பெரும்பாலும் புற்று கிடையாது. இழைகளை ஒதுக்கி, மேலுறையைக் கீறி, ரம்புத்தானைப் பிதுக்குவது போல எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் உள்ளங்கால் மரத்திருந்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பாதி வழி நடந்திருக்கிறேன்.

மறுமொழி: அண்ணே, எங்கள் அக்கா கதை வேறு. பிறந்ததிலிருந்தே உடம்பில் தேத்தண்ணி நிறத்தில் திட்டுகள், வளர்ந்தபின் சின்னச் சின்னக் கட்டிகள். தொடையில் இருப்பது நியூரோஃபைப்ரோமா என்ற வேறு வகை நரம்புக் கட்டி. அதில் நரம்பிழைகள் கட்டிக்குள்ளேயே பின்னிக்கிடக்குமாம். முழுசாக எடுத்தால் கால் பலம் போய்விடலாம் என்று கத்தி வைக்கவில்லை, வருஷா வருஷம் பார்க்கிறார்கள். திடீரென்று பெருத்தாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தாலோ, கால் பலம் குறைந்தாலோ தவணை நாளுக்குக் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வகையில் அரிதாகப் புற்றாக மாறுவது உண்டு. இந்தப் பரம்பரை நோய் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் அவள் மகனையும் பார்த்தார்கள். நீங்கள் திரும்ப லோரி ஓட்டுகிறீர்களா?

மறுமொழி: ஓட்டுகிறேன் தங்கச்சி. பாட்டியிடமும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் அமுக்குனது கட்டியவாய்யா?" என்று கேட்டுவிட்டு, காப்பி போட உள்ளே போய்விட்டார்.