புதுப்பிப்பு: கிட் லென்ஸில எஃப் 3.5 ஏன் நிக்குதில்லை?

முதல் நான் கேட்டது இதுதான்: கமராவோட சேத்து வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸை 55க்குச் சூம் பண்ணினா அபேச்சர் (ஒளி உள்ள வாற துளை, எஃப் எண் குறையக் குறையத் துளை பெருசு) எஃப் 3.5க்கு வருதில்லை, 5.6க்குக் கீழ இறங்குதேயில்லை, லென்ஸ் பழுதோ எண்டு. பழுதில்லையாம். 3.5 எண்டது 18இல மட்டும்தான். சூம் பண்ணப் பண்ண அது கூடி 55இல 5.6 ஆகுது. சொல்லித்தந்த எல்லாருக்கும் நன்றி.

பிறகு கமராவை அபேச்சர் மோட்டில (துளையை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கமராவே பாத்துக்கொள்ளும்) விட்டுக்கொண்டு கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனன். தம்பியைக் கட்டில நிப்பாட்டி, 55இல, எஃப் 5.6 வைச்சு முகத்துக்குக் கிட்டப்போய் எடுத்தா பின்னால தண்ணியும் மரமும் கரைஞ்சு போகுது. எஃப் 11இல அக்கரை மரங்கள் கொஞ்சம் தெளிஞ்சு வருது. ஆனா ஷட்டர் வேகம் 1/250 செக்கனில இருந்து 1/60க்கு விழுந்திட்டுது. 5.6, 8, 11 எண்டு ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகுதெல்லோ. 1/60இல பறக்கிற கொக்கின்ர செட்டை கலங்கித்தான் வரும். ஐஎஸ்ஓவை (கமரா வெளிச்சத்தை உணருற அளவை) 100இல இருந்து 400 ஆக்க, பழைய வேகம் திரும்ப வந்தது.

எஃப் 22 போடச் சொன்ன அண்ணைக்கு: போட்டுப் பாத்தன், சரிவரேல்லை. துளை அவ்வளவு சின்னனானா ஒளி விளிம்பில வளைஞ்சு முழுப்படமும் கூர் மழுங்குது. எனக்கு 11 காணும்.

வைகாசியில முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், அதுவும் இரவில. அதுக்கு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்டு தேடுறன், 5.6ஐ விடப் பத்து மடங்களவு வெளிச்சம் உள்ள விடும். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஆரும் பழசு விக்கிறியளெண்டா சொல்லுங்கோ.